உள்ளாட்சி நிதியின் அரசியல்

நம் நாட்டின் உள்ளாட்சி வரலாற்றில் 1993ஆம் ஆண்டு இரு காரணங்களால் நினைவிற்குரியது. அவ்வாண்டு ஏப்ரல் 24 அன்று ஊராட்சிகளுக்கு அரசியல் சட்டத் தகுதி அளிக்கும் 73ஆவது திருத்தமும், ஜூன் 1 அன்று நகராட்சிகளுக்கு அத்தகுதியை அளிக்கும் 74ஆவது திருத்தமும் நடைமுறைக்கு வந்தன. குடிநீர், சாலை, தொடக்கக் கல்வி உள்ளிட்ட 29 இனங்கள் ஊராட்சிகளுக்கென 11ஆவது அட்டவணையிலும், 18 இனங்கள் நகராட்சிகளுக்கென 12ஆவது அட்டவணையிலும் இடம்பெற்றன.

அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதித் திட்டம் அறிவிக்கப்பட்டது. தொடக்கத்தில் ஓர் உறுப்பினருக்கு ரூ. 5 லட்சமாக இருந்த இத்தொகை, 1994-95இல் ரூ. 1 கோடியாகவும், 1998-99இல் ரூ. 2 கோடியாகவும், 2011-12இல் ரூ. 5 கோடியாகவும் உயர்ந்தது. இந்நிதியைக் கொண்டு செய்யப்படும் பணிகளும் பெரும்பாலும் குடிநீர், சாலை, பள்ளிக் கட்டடம் ஆகியனவே. சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் இத்தகைய நிதியைப் பல மாநிலங்கள் ஒதுக்கின.

ஊருக்கு வேண்டிய பணியை ஊர்மன்றமே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது முதல் ஏற்பாட்டின் கருத்து. அதே வகைப் பணியை நாடாளுமன்ற உறுப்பினர் தேர்ந்தெடுத்துப் பரிந்துரைக்கலாம் என்பது இரண்டாவதன் கருத்து. ஒன்றுக்கொன்று மாறுபட்ட இவ்விரண்டும் ஒரே ஆண்டில் தோன்றியது ஏன்? இவ்வினாவுக்கு விடை காண முயன்றால், உள்ளாட்சி மன்றங்களின் நிதிநிலை இன்று இவ்வாறு இருப்பதற்கான காரணமும் புலப்படும்.

வரியின் பழியும் செலவின் புகழும்

வரவு செலவுத் திட்டத்தை வருமானத்திற்கும் தேவைக்கும் இடையிலான கணக்காகவே பாடநூல்கள் விளக்குகின்றன. நடைமுறையில் அது யாரிடம் எவ்வளவு பெறுவது, யாருக்கு எதனை அளிப்பது, அதனை யார் பெயரால் அளிப்பது என்னும் மூன்று முடிவுகளின் தொகுப்பாகும். மூன்றும் அரசியல் முடிவுகளே. வரி விதிப்பவருக்கு மக்களின் அதிருப்தி வந்து சேர்கிறது. செலவு செய்பவருக்கு அவர்களது நன்றி கிட்டுகிறது. எனவே, பிறர் வசூலித்த பணத்தைத் தம் பெயரால் செலவிடுவதும், வரிச்சலுகை அளிக்க நேர்ந்தால் பிறருக்குரிய வரியிலிருந்து அளிப்பதும் ஆட்சியின் எந்நிலையில் உள்ளோருக்கும் எளிதாகின்றன.

மத்திய அரசு, மாநில அரசு, உள்ளாட்சி என்னும் மூன்று நிலைகளில் கடைசியில் இருப்பது உள்ளாட்சி. தன்னைவிடக் கீழே வேறு நிலை இல்லாமையால், இந்தப் போட்டியில் இழப்பு அதனையே சார்கிறது. கடந்த நூற்றைம்பது ஆண்டு வரலாற்றில் இவ்வுண்மையைப் பலமுறை காணலாம்.

வரலாற்றுப் பின்னணி

உள்ளாட்சி நிதி முதன்முதலில் சுமைப் பகிர்வாகவே தோன்றியது. 1870ஆம் ஆண்டு மேயோ பிரபுவின் தீர்மானம் சில துறைகளின் செலவுப் பொறுப்பை மாகாணங்களிடம் ஒப்படைத்தது. அவற்றுக்கு அளிக்கப்பட்ட தொகை போதாதபோது, மாகாண அரசுகள் ஸ்தல வரிகளை நாடின. 1882ஆம் ஆண்டு மே மாதத்தில் ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானம் இதினின்றும் வேறுபட்ட நோக்கம் உடையது. நிர்வாகச் சிக்கனத்தைவிட, மக்களுக்கு அரசியல் பயிற்சி அளிக்கும் களமாக உள்ளாட்சி மன்றங்கள் விளங்க வேண்டும் என்று அது கருதியது. மேயோவின் நோக்கும் ரிப்பனின் நோக்கும் இன்றளவும் நம் உள்ளாட்சிக் கொள்கையில் அருகருகே இயங்கி வருகின்றன.

1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த இரட்டையாட்சியில் உள்ளாட்சித் துறை இந்திய அமைச்சர்களிடம் விடப்பட்டது. நிதித் துறையோ ஆளுநரின் நிர்வாகக் குழுவிடமே இருந்தது. ஆயினும் உள்ளாட்சிகள் விதிக்கத்தக்க வரிகளின் தனிப் பட்டியல் ஒன்று அக்காலத்தில் நடைமுறையில் இருந்தது. 1935ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபோது அத்தனிப் பட்டியல் மறைந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டமும் உள்ளாட்சியை மாநிலப் பட்டியலில் சேர்த்ததே அன்றி, உள்ளாட்சிகளுக்கெனத் தனி வரிகளை ஒதுக்கவில்லை.

1957இல் பல்வந்தராய் மேத்தா குழு மூன்றடுக்கு ஊராட்சி முறையைப் பரிந்துரைத்தது. ஊராட்சிகளின் நிதியாதாரங்களை ஆராய கே. சந்தானம் தலைமையிலான குழு 1963இல் அமைக்கப்பட்டது. அசோக் மேத்தா குழு 1978இல் தன் அறிக்கையை அளித்தது. இவையனைத்தும் நிதி வலிமையின் இன்றியமையாமையை எடுத்துரைத்தன. ஆயினும் பொறுப்புகள் இறங்கிய வேகத்தில் வருவாய் இறங்கவில்லை.

1993ஆம் ஆண்டுத் திருத்தங்களிலும் ஒரு நுட்பமான வேறுபாட்டை மாணவர்கள் கவனிக்க வேண்டும். தேர்தல் குறித்தும், மாநில நிதிக்குழுவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை அமைப்பது குறித்தும் திருத்தம் கட்டளையாகப் பேசுகிறது. வரி விதிக்கும் அதிகாரத்தை வழங்குவது குறித்துப் பேசும் 243-எச், 243-எக்ஸ் பிரிவுகளிலோ, மாநிலச் சட்டமன்றம் அதனை ‘அளிக்கலாம்’ என்றே கூறப்பட்டுள்ளது. தேர்தல் கட்டாயமாயிற்று, வருவாய் விருப்பத்திற்கு விடப்பட்டது.

ஆக்ட்ராய் மறைந்த வரலாறு

நகர எல்லைக்குள் நுழையும் சரக்குகள்மீது விதிக்கப்பட்ட ஆக்ட்ராய் தீர்வை, வடக்கு, மேற்கு மாநிலங்களின் நகராட்சிகளுக்கு நெடுங்காலம் முதன்மையான வருவாயாக விளங்கியது. அது குறைகள் மலிந்த தீர்வை என்பதில் ஐயமில்லை. சோதனைச் சாவடிகளில் லாரிகள் மணிக்கணக்கில் காத்து நின்றன. கையூட்டுக்கும் அங்கே இடமிருந்தது. எனவே அதனை நீக்க வேண்டும் என்று வணிகர்களும் லாரி உரிமையாளர்களும் தொடர்ந்து கோரினர். மத்தியப் பிரதேசம் 1976இலும், கர்நாடகம் 1979இலும், ராஜஸ்தான் 1998இலும், குஜராத் மாநகராட்சிகளைப் பொறுத்தவரை 2007இலும் அதனை நீக்கின.

நீக்கியது சரியா என்பதைவிட, அதனை நீக்கியவர் யார், இழந்தவர் யார் என்பதே இங்கு ஆராயத்தக்கது. வணிகர்களின் பாராட்டு மாநில அரசுகளைச் சேர்ந்தது. வருவாய் இழப்பு நகராட்சிகளைச் சேர்ந்தது. ஈடாக மானியம் வழங்கப்பட்டது உண்மையே. ஆயினும் நகரில் வாணிபம் பெருகப் பெருகத் தானே வளரும் ஒரு தீர்வைக்கும், ஆண்டுதோறும் அரசின் இசைவை எதிர்நோக்கும் ஒரு மானியத்திற்கும் பெரும் வேறுபாடு உண்டு. முன்னதை நகராட்சி தன் உரிமையாகப் பெற்றது. பின்னதைக் கேட்டுப் பெற வேண்டியதாயிற்று.

மும்பை மாநகராட்சி 2017 ஜூன் இறுதிவரை ஆக்ட்ராய் வசூலித்தது. சரக்கு மற்றும் சேவை வரி அவ்வாண்டு ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது, உள்ளாட்சிகளுக்கான இழப்பீட்டை மகாராஷ்டிரம் தனிச் சட்டத்தால் உறுதி செய்தது. இழப்பீடு ஆண்டுக்கு 8 சதவீதம் உயரும் என்றும் அச்சட்டம் வகுத்தது. சட்டத்தால் உறுதி பெற்ற தொகையை அந்தந்த ஆண்டின் அரசியல் சூழ்நிலை எளிதில் அசைக்க இயலாது.

சரக்கு மற்றும் சேவை வரிக்கு வழிவகுத்த 101ஆவது திருத்தம் (2016) நுழைவு வரியையும் விளம்பர வரியையும் மாநிலப் பட்டியலிலிருந்து நீக்கியது. கேளிக்கை வரியில், உள்ளாட்சிகள் விதித்து வசூலிக்கும் அளவை மட்டும் விட்டுவைத்தது. இப்புதிய வரியின் விகிதங்களைப் பரிந்துரைக்கும் மன்றத்தில் மத்திய அரசும் மாநிலங்களும் உறுப்பு வகிக்கின்றன. உள்ளாட்சிகளுக்கு அதில் இடமில்லை.

சொத்து வரியும் தேர்தல் காலமும்

எஞ்சி நிற்கும் பெரிய வருவாய் சொத்து வரியே. கட்டடத்தையும் நிலத்தையும் ஊருக்கு வெளியே எடுத்துச் செல்ல இயலாது. சாலையும் விளக்கும் குடிநீரும் வந்தால் அவற்றின் மதிப்பு உயர்கிறது. ஆகவே உள்ளாட்சிக்கு மிகப் பொருத்தமான வரி இதுவே என்பது பொருளியல் அறிஞர்களின் பொதுக் கருத்து. ஆனால் விற்பனை வரியைப் போல விலையில் மறைந்து நில்லாமல், கேட்பு அறிவிப்பாக வீடு தேடி வருவதால், அரசியல்வாதிகள் மிகவும் அஞ்சும் வரியும் இதுவே.

நெடுங்காலம் இவ்வரி ஆண்டு வாடகை மதிப்பின் அடிப்படையில் கணக்கிடப்பட்டது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வாடகையை உறையச் செய்தன. உண்மை வாடகையை விடுத்து, அச்சட்டங்களின்படி அமையும் நியாய வாடகையையே கணக்கில் கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாடகையாளர்களைக் காக்க மாநிலங்கள் இயற்றிய சட்டத்தின் விலையை நகராட்சிகள் செலுத்தின எனலாம். இத்தடையைக் கடக்க, பாட்னா 1993இலும் டெல்லி 2004இலும் பரப்பளவை அடிப்படையாகக் கொண்ட முறைக்கு மாறின. பெங்களூரு 2000இல் தன்மதிப்பீட்டு முறையைத் தொடங்கியது. முறை திருந்தியும், வசூல் வேண்டிய அளவை எட்டவில்லை. பெங்களூரு, ஜெய்ப்பூர் ஆகிய நகரங்கள் தம் சொத்து வரி வாய்ப்பில் 5 முதல் 20 சதவீதத்திற்கு மேல் வசூலிக்கவில்லை என்று மத்திய அரசின் 2016-17ஆம் ஆண்டுப் பொருளாதார ஆய்வறிக்கை மதிப்பிட்டது.

தேர்தல் காலத்திற்கும் வரிச் சீராய்வுக்கும் உள்ள தொடர்பை விளக்கத் தமிழ்நாட்டு நிகழ்வுகள் உதவும். சென்னை மாநகராட்சியின் பழைய எல்லைப் பகுதியில் 1998க்குப் பின் இருபது ஆண்டுகள் பொதுச் சீராய்வு நடைபெறவில்லை. 2018இல் உயர்வு அறிவிக்கப்பட்டது. 2019 நவம்பரில், உள்ளாட்சித் தேர்தலை எதிர்நோக்கியிருந்த வேளையில், அது நிறுத்தி வைக்கப்பட்டது. நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல்கள் 2022 பிப்ரவரியில் முடிந்தன. அவ்வாண்டு ஏப்ரலில் 25 முதல் 150 சதவீதம் வரையிலான உயர்வு அறிவிக்கப்பட்டது. இடைக்காலத்தில் ஆட்சி மாறியிருந்தது என்பதும் கருதத்தக்கது. எந்தக் கட்சியாயினும் தேர்தலுக்கு முன் தயக்கமும், தேர்தலுக்குப் பின் துணிவும் கொள்வது இயல்பாகியுள்ளது. ஆண்டுதோறும் சிறிதளவாக உயர்ந்திருக்க வேண்டிய வரி நெடுநாள் உறைந்து கிடந்து, பின்னர் ஒரே நாளில் பெருஞ்சுமையாக இறங்குகிறது. இழப்பு நகராட்சிக்கு மட்டுமன்று, குடிமக்களுக்கும்தான்.

தொழில் வரியின் உச்சவரம்பு

தொழில் வரியின் கதை சுருக்கமானது. ஆயினும் பாடம் மிக்கது. அரசியல் சட்டத்தின் 276ஆவது பிரிவு இவ்வரிக்கு ஒருவருக்கு ஆண்டுக்கு ரூ. 250 என்று உச்சவரம்பு விதித்தது. 1988ஆம் ஆண்டின் 60ஆவது திருத்தம் அதனை ரூ. 2,500 ஆக உயர்த்தியது. அதன்பின் சம்பளங்களும் விலைவாசியும் பன்மடங்கு உயர்ந்துவிட்ட போதிலும், உச்சவரம்பு அப்படியே நிற்கிறது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இவ்வரி உள்ளாட்சிகளைச் சேர்கிறது. கர்நாடகம், மகாராஷ்டிரம் போன்றவற்றில் மாநில அரசே வசூலிக்கிறது. உயர்த்தினால் பயன் பெறுவது மற்றொரு நிலையினர். உயர்த்தும் பழியோ நாடாளுமன்றத்தைச் சாரும். ஆகவே அரசியல் சட்டத் திருத்தம் தேவைப்படும் இம்மாற்றத்தில் எவரும் முனைப்புக் காட்டவில்லை.

மானியங்கள்: பெருகிய தொகை, சுருங்கிய உரிமை

தம் வருவாய் குன்றிய நிலையில் உள்ளாட்சிகள் மேலிருந்து வரும் மானியத்தை நம்பலாயின. 10ஆவது நிதிக்குழு, 1971ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி கிராமப்புற மக்கள் ஒருவருக்கு ரூ. 100 வீதம் ரூ. 4,380.93 கோடியை ஊராட்சிகளுக்கெனப் பரிந்துரைத்தது. 12ஆவது நிதிக்குழு ஊராட்சிகளுக்கு ரூ. 20,000 கோடியும் நகராட்சிகளுக்கு ரூ. 5,000 கோடியும் பரிந்துரைத்தது. 14ஆவது நிதிக்குழுவின் பரிந்துரை ரூ. 2,87,436 கோடி. 2021-26 காலத்திற்கு 15ஆவது நிதிக்குழு பரிந்துரைத்த தொகை ரூ. 4,36,361 கோடி. இவ்வளர்ச்சி வரவேற்கத்தக்கதே.

ஆயினும் இதன் மறுபக்கத்தையும் காண வேண்டும். 15ஆவது நிதிக்குழு ஊராட்சி மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்திற்கும் கட்டுப்படுத்தியது. இவை இன்றியமையாத பணிகளே. எனினும் வாய்க்காலைத் தூர்வார வேண்டிய ஊரும், குடிநீர்க் குழாய் தேவைப்படும் ஊரும் ஒரே அட்டவணையைப் பின்பற்ற வேண்டியதாகிறது. இந்திய ரிசர்வ் வங்கி 2024 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வின்படி, ஊராட்சிகளின் வருவாயில் ஏறத்தாழ 95 சதவீதம் மானியமாகவே வந்தது. சொந்த வரிகளின் பங்கு 1 சதவீத அளவினதே. தன் வரிப்பணம் செலவாகும்போது கணக்குக் கேட்கும் குடிமகன், எங்கிருந்தோ வரும் பணத்திற்கு அவ்வளவு உறுதியாகக் கணக்குக் கேட்பதில்லை. கிராம சபைகள் பல ஊர்களில் உயிரற்றிருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

மாநிலங்கள் தம் வருவாயில் உள்ளாட்சிகளுக்கு அளிக்க வேண்டிய பங்கைப் பரிந்துரைப்பது மாநில நிதிக்குழுக்களின் பணி. பல மாநிலங்களில் இவை காலந்தாழ்த்தி அமைக்கப்பட்டன. அறிக்கைகள்மீது எடுத்த நடவடிக்கையைச் சட்டமன்றத்தில் வைப்பதிலும் தாமதம் நேர்ந்தது. 15ஆவது நிதிக்குழு இதனைச் சுட்டிக்காட்டி, இக்கடமையை நிறைவேற்றாத மாநிலங்களுக்கு 2024 மார்ச்சுக்குப் பின் உள்ளாட்சி மானியம் வழங்கலாகாது என்று பரிந்துரைத்தது. சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை அறிவிப்பதையும் நகர்ப்புற மானியத்திற்கு நிபந்தனையாக்கியது. இந்நிபந்தனைகளில் ஓர் இக்கட்டு உண்டு. தவறுவது மாநில அரசு. மானியத்தை இழப்பது ஊர்.

தேர்தல் தாமதத்திலும் இதுவே நேர்கிறது. தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தபின், ஊரகத் தேர்தல் பெரும்பாலான மாவட்டங்களில் 2019 டிசம்பரில்தான் நடைபெற்றது; நகர்ப்புறத் தேர்தல் 2022 வரை காத்திருந்தது. இடையில் தனி அலுவலர்கள் நிர்வகித்தனர். மத்திய மானியத்தின் ஒரு பகுதி நிலுவையில் நின்றது. தேர்தலை உரிய காலத்தில் நடத்தியே ஆகவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006இலேயே ஓர் அகமதாபாத் வழக்கில் வலியுறுத்தியிருந்தது.

கேரளம் காட்டும் வழி

இதுவரை கூறியவற்றைக் கொண்டு, அரசியல் என்பது உள்ளாட்சி நிதிக்கு என்றும் பகையே என்று முடிவு கட்டுதல் பிழையாகும். கேரளத்தில் உள்ளாட்சிகளின் நிதியை உயர்த்தியதும் அரசியலே.

1996இல் கேரள அரசு மாநிலத் திட்ட ஒதுக்கீட்டில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு வழங்க முடிவு செய்து, மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியது. திட்டமிடும் திறமை வளர்ந்தபின் நிதி அளிப்போம் என்று காத்திராமல், நிதியை முதலில் அளித்துத் திறமையைப் பின்னர் வளர்க்க அது முற்பட்டது. கிராம சபைகள் கூடித் தேவைகளைப் பட்டியலிட்டன. ஓய்வுபெற்ற பொறியாளர்களும் ஆசிரியர்களும் திட்டங்களைச் சீர்செய்ய உதவினர்.

இவ்வியக்கத்தின் உற்சாகத்தைவிட, நிதி ஒதுக்கீட்டின் வடிவமே நிலைத்த பயனைத் தந்தது. ஒவ்வோர் ஊராட்சிக்கும் எவ்வளவு என்பது மாநில வரவு செலவுத் திட்டத்தின் நான்காம் பின்னிணைப்பில் பெயர் பெயராக அச்சிடப்பட்டது. பங்கீடு ஒரு சூத்திரத்தின்படி அமைந்தது. எந்தக் கட்சியின் வசமுள்ள ஊராட்சியும் தன் தொகையை அதில் கண்டுகொள்ள முடிந்தது. 2001இல் ஆட்சி மாறியபோது இயக்கத்தின் பெயர் மாறியது. ஒதுக்கீட்டு முறை தொடர்ந்தது. அனைத்துக் கட்சிகளுக்கும் ஊராட்சித் தலைவர்களும் உறுப்பினர்களும் இருந்தமையால், அத்தொகையைக் குறைப்பது எந்த ஆட்சிக்கும் அரசியல் இழப்பாக முடியும் நிலை தோன்றிவிட்டது.

குறைகள் அங்கும் உண்டு. மாநிலக் கருவூலம் நெருக்கடியுற்ற ஆண்டுகளில் உள்ளாட்சிகளின் தவணைகள் தாமதமாயின. சொந்த வரி வருவாயை உயர்த்துவதில் எல்லா ஊராட்சிகளும் ஒரே அளவு முனைப்புக் காட்டவில்லை. ஆயினும் கொடுக்க வைக்கும் அரசியலையும் உருவாக்க இயலும் என்பதற்குக் கேரளம் சான்றாகும்.

செய்யத்தக்கவை

அரசியலை விலக்கிவிட்டு உள்ளாட்சி நிதியைச் சீர்திருத்த முயல்வது பயன் தராது. நல்லது செய்வோர் அரசியலில் ஆதாயம் அடையும்படியும், தீங்கு செய்வோர் இழப்பு அடையும்படியும் விதிகளை அமைப்பதே பொருந்தும் வழி.

இதற்குச் சில ஏற்பாடுகள் உதவும். முதலாவதாக, ஒவ்வோர் உள்ளாட்சிக்கும் உரிய தொகையும் அதனைக் கணக்கிட்ட சூத்திரமும் மாநில வரவு செலவுத் திட்டத்திலேயே வெளியிடப்பட வேண்டும். இரண்டாவதாக, உள்ளாட்சியின் வரியை மாநிலம் நீக்கினாலோ சலுகை அளித்தாலோ, ஈட்டுத் தொகையையும் அதன் ஆண்டு உயர்வையும் சட்டத்திலேயே குறிப்பிட வேண்டும். மூன்றாவதாக, சொத்து வரி ஆண்டுதோறும் சிறு அளவில் தானாகச் சீராய்வு பெறும் முறை வேண்டும். தேர்தல் ஆண்டில் துணிவு தேவைப்படாத வரியே நிலைத்து நிற்கும். நான்காவதாக, தொழில் வரியின் உச்சவரம்பை விலைவாசியுடன் இணைக்க வேண்டும். ஐந்தாவதாக, நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர் நிதியில் செய்யப்படும் பணிகள் ஊராட்சியின் ஆண்டுத் திட்டத்தில் உள்ளவையாக இருத்தல் நலம். அவ்வாறாயின் உறுப்பினரின் பெயரும் விளங்கும்; ஊரின் முடிவும் நிறைவேறும்.

அலுவலர்கள் செய்யத்தக்க பணியும் ஒன்று உண்டு. அதற்கு எச்சட்டத் திருத்தமும் தேவையில்லை. ஒவ்வோர் ஊராட்சியிலும் நகராட்சியிலும் கேட்பு, வசூல், நிலுவை ஆகியவற்றின் பதிவேடு இருக்கிறது. தெருவாரியாக எவ்வளவு வரி வந்தது, அத்தெருவில் என்ன பணி நடந்தது என்பதை அப்பதிவேட்டிலிருந்து எடுத்து, எளிய தமிழிலோ அந்தந்த வட்டார மொழியிலோ ஒரே தாளில் எழுதிக் கிராம சபையிலும் வட்டக் கூட்டத்திலும் படிக்கலாம். தாம் செலுத்திய வரி தம் தெருவிளக்காக எரிவதைக் காணும் மக்கள் அடுத்த ஆண்டு வரி செலுத்தத் தயங்குவது குறையும். வரி கேட்க உறுப்பினர்கள் அஞ்சுவதும் குறையும்.

மேயோவின் நோக்கில் உள்ளாட்சி ஒரு சுமைதாங்கி. ரிப்பனின் நோக்கில் அது ஒரு பள்ளி. அரசியல் சட்டத் திருத்தங்கள் இரண்டாவது நோக்கை ஏற்றுக்கொண்டன. அதற்கேற்பப் பணத்தின் போக்கை மாற்றும் பொறுப்பு மாநிலச் சட்டமன்றங்களிடமும், அவற்றைத் தேர்ந்தெடுக்கும் மக்களிடமும் உள்ளது.